சம்பூர்ணத்தின் கூரைமேல் விழுந்த கற்கள்

முதல் கல் பட்டப்பகலில்தான் விழுந்தது. வாலாஜாவில் எங்கள் குளத்தங்கரைத் தெருவில், சம்பூர்ணத்தின் கொட்டகைக் கூரையைப் பொத்துக்கொண்டு, காய்ந்த ஆவாரம்பூ குவித்திருந்த முறத்தின் நடுவில் விழுந்தது. பூவெல்லாம் எழும்பிக் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்று, பிறகு மாவு சலித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோருடைய தலையிலும் மஞ்சளாக இறங்கியது. சம்பூர்ணம் கல்லைப் பார்க்கவில்லை, பூவைத்தான் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தெருவில் இறங்கி, "எவன்டா அவன்? ஆம்பளையா இருந்தா முன்னாடி வாடா" என்று கத்தினாள். தெருவில் ஒரு ஆம்பளையும் இல்லை, ஒரு பொம்பளையும் இல்லை, வெயிலில் ஒரு ஆடு மட்டும் நின்று சுவரொட்டியைத் தின்றுகொண்டிருந்தது.

சம்பூர்ணம் குளியல் பொடி செய்கிறவள். பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், ரோஜா இதழ், ஆவாரம்பூ எல்லாவற்றையும் நிழலில் காயவைத்து, மில்லில் கொடுத்து அரைத்து, துணியில் சலித்து, மஞ்சள் காகித உறையில் போட்டு ஒட்டுவாள். உறையின்மேல் பித்தளைச் சொம்பு பிடித்த ஒரு பெண்ணின் படம் இருக்கும். போர்டு எழுதும் ஆர்ட்டிஸ்ட் ஒருவர் அவளையே உட்காரவைத்து வரைந்தது. படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் "சம்பூர்ணம்". ராணிப்பேட்டை, ஆற்காடு, சோளிங்கர் வரைக்கும் பிள்ளை பெற்ற வீடு என்றால் அந்த மஞ்சள் உறை இல்லாமல் இருக்காது. பஸ் ஸ்டாண்ட் கடைகளில் தொங்கும், வாரச் சந்தையில் விரித்துவைத்திருக்கும், வெளியூருக்குக் கட்டிக்கொடுத்த பெண்கள் ஊருக்கு வந்து திரும்பும்போது பையில் அடுக்கிக்கொண்டு போவார்கள்.

கல் விழுவது எங்கள் பக்கத்தில் ஒன்றும் புதிதல்ல. யாரைக் கேட்டாலும் அவர்களுடைய சித்தி வீட்டில் ஒரு காலத்தில் கல் விழுந்திருக்கும், பெரியப்பா வீட்டில் சாணி விழுந்திருக்கும். அதனால் தெரு பதறவில்லை, முறைப்படி செய்யவேண்டியதைச் செய்தது. விடலைப் பையன்களைப் பிடித்து நாலு அறை அறைந்தார்கள். ஒரு மந்திரவாதியைக் கூட்டிவந்து நான்கு மூலையிலும் எலுமிச்சம்பழம் கட்டினார்கள், மறுநாள் விழுந்த கல் ஒரு பழத்தை நசுக்கிவிட்டு உருண்டது. இரண்டு போலீஸ்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து நாள் முழுக்க வானத்தைப் பார்த்தார்கள், சாயங்காலம் கழுத்து வலி என்று தைலம் கேட்டு வாங்கித் தேய்த்துக்கொண்டு போனார்கள். கல் மட்டும் தன்பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது, காலையில் ஒன்று, மதியம் இரண்டு, ஞாயிற்றுக்கிழமை என்றால் கூடுதலாக.

கற்கள் ஒரே சாதிக் கற்கள் இல்லை என்பதை முதலில் பார்த்தவர் எதிர்வீட்டு கலீல் பாய். லாரியில் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, முதுகு போனபின் வீட்டோடு இருப்பவர். ஒரு கல்லைக் கையில் உருட்டிப் பார்த்து, "இது நம்ப ஊர் கல்லே இல்லம்மா, இது செம்பாறை, கேரளாவுல வூடு கட்டறது" என்றார். அடுத்து விழுந்த வெள்ளைக் கல் ராஜஸ்தான் பளிங்கு என்றார், வழவழவென்று இருந்த கூழாங்கல்லை கங்கைக் கரையில் குளிக்கும்போது மிதித்திருப்பதாகச் சொன்னார். பாதி சரி, பாதி அவர் அளந்தது. ஆனாலும் எங்களுக்குப் பொழுது போயிற்று. கல் விழுந்தால் என்ன ஊர் என்று பந்தயம் கட்டுகிற அளவுக்குத் தெரு தேறிவிட்டது. சம்பூர்ணத்துக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. தான் போகாத ஊர்க்காரன் தன்மேல் எதற்குக் கல் எறிகிறான் என்று கேட்டுக்கொண்டே ஓட்டைக்குத் தார்த்துணி ஒட்டிக்கொண்டிருந்தாள்.

விளங்கவைத்தது ஒரு போன். நாகர்கோவிலில் பிறந்து கொச்சியில் வாழ்க்கைப்பட்ட ஒரு பெண் பேசினாள், பேசவில்லை, அழுதாள். "சம்பூர்ணம் குளியல் பொடி நீங்கதான? எனக்க பிள்ளைக்க முதுகெல்லாம் தடிச்சுப் பொத்துப் போச்சு. பச்ச மண்ணுக்கு இப்பிடி ஒரு விஷத்தப் பூச வச்சிட்டியளே, நீங்க வெளங்குவியளா? நாசமாப் போவிய" என்றாள். அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து முடிவதற்குள் கூரையில் படீரென்று ஒரு சத்தம், சம்பூர்ணத்தின் காலருகில் ஒரு செம்பாறைத் துண்டு, அடுப்பிலிருந்து எடுத்ததுபோலச் சூடாக. மறுநாள் ஹைதராபாத்திலிருந்து ஒரு போன், ஒரு கருங்கல். அதற்குப்பின் போனே வராமலும் விழுந்தது. எங்கேயோ உட்கார்ந்து எவரோ விரலால் திட்டி எழுதி அனுப்பும்போதெல்லாம், அவரவர் காலடி மண்ணிலிருந்து ஒரு கல் கிளம்பி, காடு மலை தாண்டி, வழி கேட்காமல் சம்பூர்ணத்தின் கூரைக்கு வந்து சேர்ந்தது. எப்படி வருகிறது என்று யாரும் ஆராயவில்லை. ஏன் வருகிறது என்பதே வயிறெரியப் போதுமானதாக இருந்தது.

கொட்டகையில் மாவு சலிக்கும் தேசம்மாவின் மகள் தன் போனில் தேடி எடுத்துக் காட்டினாள். நாடு முழுக்க வீட்டுவாசலில் கொண்டுவந்து கொடுக்கிற பெரிய ஆன்லைன் கம்பெனி ஒன்றின் கடையில், அதே மஞ்சள் உறை, அதே பித்தளைச் சொம்பு, அதே முகம், அதே பெயர், கீழே சம்பூர்ணத்தின் போன் நம்பர்கூட அதே, பாதி விலை. ஒன்றை வரவழைத்துப் பிரித்தார்கள். சுண்ணாம்புக்கட்டித் தூளில் மஞ்சள் சாயத்தைக் கலந்து, ஏதோ ஊதுவத்தி வாசனையைத் தெளித்திருந்தது. சம்பூர்ணம் அதைத் தன் முழங்கையில் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அரை மணியில் தோல் சிவந்து தடித்தது. "பச்சக் கொழந்தைக்குடி இது" என்றாள் தேசம்மாவிடம். அவள் அழுவாள் என்று நினைத்தோம். கொட்டகையின் தூணில் ஓங்கி ஒரு குத்து விட்டாள், அவ்வளவுதான்.

விற்பவன் பெயர் அந்தக் கடையிலேயே போட்டிருந்ததால் ஆள் யாரென்பதும் தெரிந்துவிட்டது. கோகுல்நாத் என்று ஒருவன் போன வருஷம் காரில் வந்திருந்தான். வாய்க்கு வாய் அக்கா என்றான், பெண்கள் சுயதொழில் என்றால் தனக்கு உயிர் என்றான். கொட்டகையைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தான், உறையை வெயிலில் பிடித்துப் படம் எடுத்தான், சம்பூர்ணத்தையும் சொம்போடு நிற்கவைத்துப் படம் எடுத்தான். அன்றைக்கு வீட்டில் கருவாட்டுக் குழம்பு. மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "உங்க கைய வித்தாலே காசுக்கா" என்று சொல்லிப் போனான். போனவன் கையை விட்டுவிட்டுப் பெயரை எடுத்துக்கொண்டான். எனக்கு இதைச் சொல்லும்போதே பற்றிக்கொண்டு வருகிறது. அந்தத் தட்டைக் கழுவி வைத்தது தேசம்மா. அவள் இன்றைக்கும் அவனைச் சொல்லும்போது அந்தக் குழம்பையும் சேர்த்துத்தான் சொல்கிறாள்.

ஆன்லைன் கம்பெனிக்குப் புகார் எழுதினார்கள். அங்கே மனுஷர் யாரும் இல்லை, எழுதினவுடன் எழுதிப் பதில் சொல்கிற ஒரு பெட்டி இருந்தது. உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம் என்றது. பெயர் உங்களுடையது என்பதற்குப் பதிவுச் சான்றிதழை இணைக்கவும் என்றது. சான்றிதழ் இல்லை, ஆனால் பெயர் என்னுடையது, என் அப்பா வைத்தது என்று எழுதச் சொன்னாள் சம்பூர்ணம். உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம் என்றது. குழந்தைக்குத் தோல் வெந்துபோகிறது, முதலில் விற்பதை நிறுத்து என்று எழுதச் சொன்னாள். எங்கள் சேவை உங்களுக்குத் திருப்தியாக இருந்ததா என்று கேட்டது. தேசம்மாவின் மகள் கையிலிருந்து போனைப் பிடுங்கிச் சுவரில் அடிக்கப் போனவளை நாலு பேர் சேர்ந்து பிடித்தோம்.

ராணிப்பேட்டையில் எழிலரசி என்று ஒரு வக்கீல், சின்ன வயசு, கெட்டிக்காரி. அவள் விசாரித்துவிட்டு வந்து ஒரு கெட்ட சேதியும் ஒரு நல்ல சேதியும் சொன்னாள். கெட்ட சேதி, பெயரையும் படத்தையும் தன்னுடையதென்று பதிவு செய்துகொடுக்கும்படி கோகுல்நாத் ஏற்கெனவே மனுப் போட்டிருக்கிறான். நல்ல சேதி, அதை மறுத்து எதிர்மனுப் போடலாம். "பதிவு இல்லாட்டியும் பரவால்லக்கா. அவனுக்கு முன்னாடியிருந்து இந்தப் பேர்ல யாவாரம் பண்றது நீங்கதான்னு காட்டிட்டா, பேரு உங்களுக்குத்தான். பழைய பில்லு, பழைய லேபிளு, நோட்டீசு, எது இருந்தாலும் எடுத்துக் குடுங்க, நான் பார்த்துக்கறேன்" என்றாள்.

தேசம்மா முறத்தைக் கீழே வைத்தாள். சம்பூர்ணத்தின் முகம் போன போக்கைப் பார்த்து வக்கீலுக்கே பயம் வந்துவிட்டது.

எங்கள் ஊரில் போகி என்றால் போகி. விடியும் முன்னே வாசலில் குவித்துக் கொளுத்திவிட வேண்டும், பழையது ஒரு துண்டு காகிதம் வீட்டில் தங்கினாலும் வருஷம் முழுக்கத் தரித்திரம் என்று பெண்கள் உயிரைவிட்டுத் தேடுவார்கள். தெருவிலேயே பெரிய நெருப்பு சம்பூர்ணத்தின் வாசலில்தான் எரியும். போன வருஷத்து பில் புத்தகம், மிஞ்சிய உறைகள், கடைக்காரர்கள் எழுதிக்கொடுத்த சீட்டுகள், முதன்முதலாக அச்சடித்த நோட்டீஸ், வாரச் சந்தையில் கடை விரித்த ரசீது, எல்லாவற்றையும் பரண்வரைக்கும் ஏறித் துடைத்தெடுத்து, மேளம் அடிக்கிற பிள்ளைகளுக்கு நடுவில் நின்று, சந்தோஷமாக, தலையைச் சுற்றிப் போட்டுக் கொளுத்தியிருக்கிறாள். ஒவ்வொரு தையும் அவள் தொழில் புதிதாகப் பிறந்தது. லேபிள் அடித்துக்கொடுத்த அச்சகத்துக்கு ஓடினாள். அச்சகக்காரர் கையை விரித்தார். அவரும் போகி கொண்டாடுகிறவர்தான். சந்தை வசூல்காரர், பஸ் ஸ்டாண்ட் கடைக்காரர் எல்லோரும் கொண்டாடுகிறவர்கள்தான். ஊரே சேர்ந்து சுத்தபத்தமாக அவளுடைய சாட்சியத்தை எரித்து, அந்தச் சூட்டில் கை காய்ச்சியிருந்தது. பேங்க் புத்தகத்தைப் பார்க்கலாமென்றால் அது அவள் புருஷன் தசரதன் பெயரில். கரண்ட் பில் தசரதன் பெயரில். வீட்டு வரி தசரதனின் அப்பா பெயரில். அவள் பெயர் இருந்த ஒரே காகிதம் அந்த மஞ்சள் உறை, அதைத்தான் வாங்குகிறவர்கள் பொடி தீர்ந்ததும் குப்பையில் போட்டார்கள்.

எதிர்மனு போட்டு, விசாரணைக்குக் காத்திருந்த காலத்தில் எங்கள் தெரு கல்லோடு குடித்தனம் செய்யப் பழகிவிட்டது. கொட்டகைப் பெண்கள் எல்லோரும் ஹெல்மெட் போட்டுக்கொண்டு மாவு சலித்தார்கள். மூக்கு அரித்தால் கண்ணாடியைத் தூக்கிச் சொறிந்துகொண்டு மறுபடி இறக்கிவிடுவார்கள். கவுன்சிலர் இரண்டு டிராக்டர் கல்லை அள்ளிக்கொண்டுபோய்த் தெருப் பள்ளங்களை நிரப்பி, தன் சாதனை என்று பேனர் கட்டினார். ஆட்டோ ஸ்டாண்டில் கருங்கல்லில் பெஞ்சு கட்டினார்கள். பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து, இந்தியாவின் பாறை வகைகள் என்று பாடம் நடத்திவிட்டுப் போனார். மூலையில் உருண்டிருந்த ஒரு வெள்ளைப் பளிங்குக்கு எவளோ மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்க, ஆடி மாசம் அதற்குக் கூழ் ஊற்றினார்கள், அம்மனுக்குப் பிள்ளை வரம் கொடுக்கும் சக்தி இருப்பதாகப் பக்கத்துத் தெருவிலும் பேச்சு. நகராட்சி அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, அனுமதியில்லாமல் கட்டுமானப் பொருள் குவித்துவைத்ததற்கு நோட்டீஸ் கொடுத்தார். அதை வாங்கிய கையோடு சம்பூர்ணம் ஒரு கல்லையும் எடுத்து அவர் மடியில் வைத்தாள், அவர் வண்டியைக்கூட விட்டுவிட்டு ஓடினார். இத்தனையும் நடந்தது. ஆனால் இந்தக் கல் ஒவ்வொன்றும் எங்கேயோ ஒரு குழந்தையின் முதுகு என்பதை எங்கள் தெரு மறந்துபோயிற்று. சம்பூர்ணம் மறக்கவில்லை. கல் விழுந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு அதன் அருகில் போய் உட்காருவாள், "எந்தப் புள்ளையோ" என்பாள், அப்புறம்தான் எடுத்து வெளியே போடுவாள்.

பெயரை மாற்றிவிடு என்று சொல்லாத ஆள் கிடையாது. மாற்றினால் கல் நின்றுவிடும், பழைய பொடியைப் புதுப் பெயரில் விற்கலாம், இது என்ன பெரிய காரியம் என்றார்கள். பஸ் ஸ்டாண்ட் கடைக்காரர்கள் அவள் உறையை உள்ளே எடுத்து மறைத்து வைத்தார்கள், வாங்க வருகிறவர்கள் போனைக் காட்டிக் காட்டிச் சண்டைக்கு வருகிறார்களாம். ஒரு நாள் விழுந்த கல் தேசம்மாவின் தோளைப் பெயர்த்துவிட்டது. அன்றைக்குத் தசரதனும் வாயைத் திறந்தார். அவர் நல்ல மனுஷர், அதிர்ந்து பேசமாட்டார்.

"பேரு தானே சம்பூர்ணம், வுட்டுடேன். மல்லிகைன்னு வையி. சாமி பேரு எதுனா வையி. பேருல இன்னா கீது?"

"உன் பேரு கரண்ட் பில்லுல கீது, ரேஷன் கார்டுல கீது, பேங்க்குல கீது, உனுக்குத் தெரியாது" என்றாள் சம்பூர்ணம். "பொறந்த வூட்ல என்னை பாப்பான்னாங்க. இங்க வந்தா உங்கம்மா ஏய்ன்னாங்க. தெருவுல தசரதன் பொண்டாட்டின்னாங்க. என் பேர சொல்லி என்னை எவன் கூப்ட்டான்? இந்தப் பொடிய கட்டி வித்த அப்புறம்தான்யா சம்பூர்ணம்மான்னு ஒருத்தி வாசல்ல வந்து நின்னா. அத நான் எவனுக்கோ குடுத்துட்டு மல்லிகைன்னு வெச்சிக்கணுமா? நான் செத்தாலும் சம்பூர்ணம்தான் சாவா. மல்லிகை சாவ மாட்டா."

தசரதன் எழுந்துபோய்த் தார்த்துணி எடுத்துவந்து ஓட்டை அடைத்தார். அதன்பின் அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

விசாரணைக்கு முன் கோகுல்நாத்தே ஒரு நாள் வந்தான். முன்பு வந்ததைவிடப் பெரிய கார். காரைத் தெருமுனையில் கூரையே இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்திவிட்டு நடந்து வந்தான். உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தான்.

"அக்கா, எதுக்கு இந்தக் கோர்ட்டு கேசெல்லாம்? ஆட்சேபனை இல்லன்னு ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க. நீங்களே எனக்கு சரக்கு போட்டுத் தாங்க. பேரு எனக்கு வந்துட்டா கல்லும் எனக்கு வந்துடும் இல்ல? எங்க ஆபீஸ் கான்கிரீட்டுக்கா, ஒண்ணும் ஆவாது" என்றான், சிரித்துக்கொண்டே.

அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு கல் விழுந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. சட்டையில் தெறித்த தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது அதற்குத்தான். கல்லுக்குப் பயப்படாத மனுஷனைப் பார்த்திருக்கிறேன், கல் எதற்கு விழுகிறதென்று தெரிந்தும் தூசி தட்டுகிற ஒருத்தனை அன்றுதான் பார்த்தேன். சம்பூர்ணம் அந்தச் சூட்டுக்கல்லை முறத்தில் ஏந்தி அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இது ஒரு கொழந்தடா. தொடு. தொட்டுட்டுக் கேளு, போட்டுத் தரேன் கையெழுத்து" என்றாள். அவன் தொடவில்லை. போகும்போது, "உங்க இஷ்டங்க்கா" என்றான். மரியாதை கடைசிவரைக்கும் குறையவில்லை, அதுதான் அவனிடம் இருந்த பெரிய அயோக்கியத்தனம்.

விசாரணை வீடியோவில். கொட்டகையிலேயே எழிலரசியின் லேப்டாப்பை ஒரு மூட்டைமேல் வைத்து, பெண்கள் எல்லோரும் ஹெல்மெட்டோடு பின்னால் நின்றார்கள். பெயர்களைப் பதிவு செய்யும் அலுவலகத்து அதிகாரி கெட்டவர் இல்லை, களைத்துப்போன ஆள். கோகுல்நாத் தரப்பில் பில்கள் அடுக்கடுக்காகக் காட்டினார்கள், மடிப்புக்கூட விழாத காகிதம், எல்லாம் பழைய தேதி. அதிகாரி சம்பூர்ணத்தைப் பார்த்து, "உங்ககிட்ட என்னம்மா இருக்கு?" என்றார்.

"எல்லாம் இருந்துதுங்க சார். போகியில எரிச்சிட்டேன்."

எதிர்த்தரப்பு வக்கீல் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அதிகாரி சிரிக்கவில்லை. "ஒண்ணுகூடவா வைக்கல?" என்று கேட்டார், நிஜமாகவே வருத்தப்பட்டார். எழிலரசி பக்கத்து வீட்டார், கடைக்காரர்கள் எழுதிக்கொடுத்த வாக்குமூலங்களைக் காட்டினாள். உங்களுக்கு வேண்டியவர்கள் சொல்வதுதானே என்றார்கள் எதிர்த்தரப்பில். அப்போது கூரையில் சத்தம் கேட்டது, ஒரு கல் லேப்டாப்புக்கும் சம்பூர்ணத்துக்கும் நடுவில் விழுந்து உருண்டது, திரையில் அதிகாரியே தலையைக் குனிந்துகொண்டார்.

சம்பூர்ணம் எழுந்துவிட்டாள். "சார், நல்லா பாத்துக்கோங்க. விக்கறவன் அவன், துட்டு வாங்கறவன் அவன். ஆனா வாங்கின சனம் வயிறெரிஞ்சி சம்பூர்ணம் நாசமா போவட்டும்னு சொன்னா, அந்தக் கல்லு எங்க வருது? அவன் வூட்டுக்கா போவுது? எத்தினியோ ஊரு தாண்டி என் தலைமேல வந்து வுழுது. திட்டுக்குத் தெரியுது சார் இந்தப் பேரு யாருதுன்னு. கல்லுக்குத் தெரியுது. படிச்ச உங்களுக்குத் தெரியலியா?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "கல்லை ஆவணமா எடுத்துக்க விதியில இடம் இல்லம்மா" என்றார்.

உத்தரவு வந்தது. பெயரும் படமும் சொம்பும் கோகுல்நாத்துக்கு. கையோடு அவன் வக்கீலிடமிருந்து நோட்டீஸும் வந்தது, சம்பூர்ணம் என்ற பெயரை இனி எந்தப் பொருளின்மேலும் எந்தப் பலகையின்மேலும் சம்பூர்ணம் எழுதக்கூடாது என்று. எழிலரசி மேல்முறையீடு பற்றிச் சொன்னாள், புதிதாக ஏதாவது ஆதாரம் வேண்டும் என்றாள், சம்பூர்ணம் கேட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை. தசரதன் ஏணி வைத்து ஏறி வாசல் போர்டைக் கழற்றினார். இருந்த இடத்தில் சுவர் மட்டும் வெள்ளையாக நின்றது.

அன்றைக்கு ஒரு கல்லும் விழவில்லை.

மறுநாளும் விழவில்லை. தெரு அண்ணாந்து பார்த்தது, பிறகு மெல்லச் சிரிக்க ஆரம்பித்தது. சட்டப்படி பேர் போய்விட்டதல்லவா, கல்லும் சட்டப்படி இடம் மாறிவிட்டது, இந்நேரம் அவன் கண்ணாடி ஆபீஸ் நொறுங்கிக்கொண்டிருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். ஆட்டோக்காரர் ஒருவர் அதைத் தன் மச்சான் நேரில் பார்த்ததாகவே சொன்னார். கொட்டகைப் பெண்கள் ஹெல்மெட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வியர்த்துப்போன தலையைக் கோதிக்கொண்டார்கள். புது உறைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். கலீல் பாய் பிரியாணி ஆக்கி அனுப்பினார். "தொல்ல வுட்டுதுக்கா, இனிமே நிம்மதியா தூங்கலாம்" என்றாள் தேசம்மா, தோளில் கட்டோடு.

சம்பூர்ணம் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, மாவைத் தொடவில்லை. கொட்டகை நடுவில் ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்து கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் முதலில் பயந்துபோய்ப் பார்க்கிறாள் என்று நினைத்தோம். "அதான் நின்னுட்டுதே, இன்னும் இன்னா பாக்கற?" என்று தசரதன் கேட்டார். அவள் திரும்பாமலே, "நின்னுட்டா போச்சுன்னு அர்த்தம்யா" என்றாள். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அவள் கல்லுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறாள். காகிதம் போனால் போகட்டும், போர்டு போனால் போகட்டும், கல்லும் வராவிட்டால் அந்தப் பெயர் நிஜமாகவே அவளைவிட்டுப் போய்விட்டது. தலைமேல் விழுந்து கொல்லப் பார்த்த அந்தச் சனியனை அவள் வா வா என்று கூப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தேசம்மா புதுப் பெயர் சொல்வதை நிறுத்திவிட்டு, அவளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தாள். ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம், தெருக்குழாயில் தண்ணீர் வந்து எல்லோரும் குடத்தோடு வெளியே நின்ற நேரத்தில், அது விழுந்தது. அதுவரை விழுந்ததில் அதுதான் பெரிது, தேங்காய் அளவு இருக்கும், கூரையின் ஒரு பக்கத்தையே பெயர்த்துக்கொண்டு இறங்கி, சிமெண்டுத் தரையில் குழி பறித்தது. நாங்கள் குடத்தைப் போட்டுவிட்டு ஓடினோம். தூசி அடங்கியபோது சம்பூர்ணம் அந்தக் கல்லை இரண்டு கையாலும் தூக்கி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளங்கை பொசுங்கும் வாசனை எங்களுக்கே வந்தது. "போடுக்கா, கீழ போடு" என்று தேசம்மா அலறினாள். அவள் போடவில்லை. பெயர்ந்த கூரை வழியாக முகத்தில் வெயில் அடிக்க, "என்னுது" என்றாள். "என்னுதுதான்டி."

மூட்டைமேல் இருந்த போன் அடித்தது. தேசம்மா எடுத்து அவள் காதில் வைத்தாள். கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆள், கோபத்தில்கூட மரியாதையை விடாமல் கத்தினார், எங்களுக்கே நன்றாகக் கேட்டது. "ஏனுங்க, சம்பூர்ணமுங்கிறது நீங்கதானுங்களா? பொறந்து பத்து நாளான கொழந்தைங்க. ஆஸ்பத்திரில கிடக்குதுங்க. மனுசருதானுங்களா நீங்கெல்லாம்?"

அவள் இத்தனை நாளும் இப்படிப் போன் வந்தால் நானில்லை, அது வேற ஆள், போலி என்று தொண்டை வற்றச் சொல்லிக்கொண்டிருந்தவள். இன்றைக்கு அதைச் சொல்லவில்லை. கல்லை இறக்காமலே, தெரு முழுக்கக் கேட்கும்படி பேசினாள்.

"ஆமா சார். நான்தான் சம்பூர்ணம். நீங்க வாங்கினது நான் செஞ்சதில்ல, ஆனா பேரு என்னுது, அதனால எங்கிட்டதான் நீங்க கேக்கணும். கொழந்தைய மொதல்ல பாருங்க, பச்சத்தண்ணில தொடச்சி வுடுங்க, டாக்டரு சொல்றத கேளுங்க. அப்புறம் என்னைத் திட்டுங்க. வாய் வலிக்கத் திட்டுங்க. திட்டினதையெல்லாம் ஒரு காயிதத்துல எழுதி, கீழ கையெழுத்துப் போட்டு, என் பேருக்கு அனுப்புங்க."